தலை காத்த மருத்துவர்

நுழையும்முன்

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மையானது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அத்தலையைக் காக்கும் கவசம் இன்று கடைதோறும் கிடைக்கும் எளிய பொருளாகிவிட்டது. ஆயினும், அது மூளையை எவ்வாறு காக்கிறது, எந்த அளவிற்குக் காக்கிறது என்பவற்றை அறிவியல் நோக்கில் ஆராயத் தொடங்கி ஒரு நூற்றாண்டுகூட நிறைவடையவில்லை. அறுவைக் கத்தியால் உயிர்களைக் காத்த மருத்துவர் ஒருவர், அக்கத்தியால் காக்க இயலாத உயிர்களைக் கவசத்தால் காக்க முற்பட்ட வரலாறே இப்பாடம்.

இளமையும் கல்வியும்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் போர்ட் பிரீ என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கு 1896ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஹியூ வில்லியம் பெல் கேர்ன்ஸ் பிறந்தார். அவருடைய தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். மரவேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். ரிவர்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்த கேர்ன்ஸ், அடிலெய்டு உயர்நிலைப்பள்ளியில் பயின்று, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார்.

அவர் மாணவராக இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. 1915இல் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, ஏஜியன் கடலிலுள்ள லெம்னாஸ் தீவின் படை மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் நாடு திரும்பிப் படிப்பை முடித்து 1917இல் பட்டம் பெற்றார்; மருத்துவ அலுவலராக மீண்டும் போர்க்களத்திற்குச் சென்றார். காயம்பட்டவர்களுக்கிடையே கழிந்த அந்த ஆண்டுகள் அவருடைய வாழ்வின் போக்கிற்கு அடித்தளமிட்டன.

புகழ்பெற்ற ரோட்ஸ் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. போர் முடிந்தபின் 1919இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில், பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் கேம்பிரிட்ஜுக்கு எதிரான படகுப்போட்டியில் ஆக்ஸ்போர்டு அணியில் இடம்பெற்றுத் துடுப்பு வலித்தார். அடுத்த ஆண்டு, பேலியல் கல்லூரித் தலைவரின் மகளான பார்பராவை மணந்தார்.

மூளை அறுவையில் புதிய பாதை

அக்காலத்தில் மூளை அறுவை, தனித்துறையாக வேரூன்றாத ஒரு துணிகர முயற்சியாகவே இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்னும் மருத்துவர் அதனை நுட்பமான கலையாக வளர்த்து வந்தார். விரைவைவிடப் பொறுமையும் தூய்மையும் குருதிப்போக்கைத் தடுத்தலுமே நோயாளியைக் காக்கும் என்பது அவரது நெறி. 1926இல் ராக்பெல்லர் உதவித்தொகை பெற்றுச் சென்ற கேர்ன்ஸ், குஷிங்கிடம் ஓராண்டுக்காலம் பயிற்சி பெற்றார். அதன்பின் லண்டன் மருத்துவமனைக்குத் திரும்பி, பிரித்தானிய மூளை அறுவைத்துறையை நிலைபெறச் செய்தவர்களுள் ஒருவரானார்.

ஆக்ஸ்போர்டில் முழுமையான மருத்துவப்பள்ளி ஒன்று உருவாக வேண்டும் என்று கேர்ன்ஸ் முனைந்து வாதிட்டார். மோட்டார் வாகனத் தொழிலதிபரான நஃபீல்டு பிரபு அளித்த பெருங்கொடையால் அக்கனவு நனவாகத் தொடங்கியது. இளமையில் மிதிவண்டிகளைப் பழுதுபார்த்தும் செய்தும் விற்ற நஃபீல்டின் பெயரால் அமைந்த அறுவை மருத்துவப் பேராசிரியர் பதவியைக் கேர்ன்ஸ் 1937இல் ஏற்றார்.

ஒரு விபத்தும் ஒரு வினாவும்

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு விபத்தை இங்கு அறிதல் வேண்டும். அரேபியப் பாலைவனப் போரில் பெரும்புகழ் பெற்ற டி.இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தம் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். எதிர்பாராத வகையில் மிதிவண்டிகளில் சென்ற இரு சிறுவர்களைக் கண்டார். அவர்கள்மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.

அருகிலிருந்த படை மருத்துவமனையில் லாரன்ஸ் சேர்க்கப்பட்டார். அவருக்கு மருத்துவம் பார்க்க வரவழைக்கப்பட்டவர்களுள் கேர்ன்ஸும் ஒருவர். நாட்டின் தேர்ந்த மருத்துவர்கள் அருகிலிருந்தும் பயனில்லை. நினைவு திரும்பாமலேயே ஆறு நாள்களுக்குப்பின், மே 19ஆம் நாள், 46ஆம் வயதில் லாரன்ஸ் உயிர்நீத்தார்.

மூளை சிதைந்தபின் அறுவை மருத்துவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதை இத்தகைய இறப்புகள் உணர்த்தின. சிதைவு நேர்ந்தபின் போராடுவதைவிட, நேராமல் தடுக்க வழியுண்டா என்பதே எழ வேண்டிய வினா. கேர்ன்ஸ் பின்னாளில் மேற்கொண்ட தலைக்கவச ஆய்வுகளுக்கு லாரன்ஸின் இறப்பும் ஒரு தூண்டுதலாக அமைந்தது என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

எண்கள் கூறிய உண்மை

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரி, தலைக்காயம் பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையாக மாறியது. இதனை உருவாக்குவதில் கேர்ன்ஸ் முன்னின்றார். போர்முனைக்கு அருகிலேயே சென்று மூளை அறுவை செய்யும் ஊர்திப் பிரிவுகளையும் அமைத்தார். 1943இல் பெனிசிலின் ஆய்வாளர் ஃபுளோரியுடன் வட ஆப்பிரிக்கா சென்று, போர்க்காயங்களில் அம்மருந்தின் பயனைச் சோதித்தார்.

எனினும், பகைவரின் குண்டுகளுக்கு ஆளாகாத வீரர்களும் தலைக்காயத்தால் இறந்துகொண்டிருந்தனர். படைகளுக்கிடையே செய்தி கொண்டு செல்வோர் மோட்டார் சைக்கிள்களில் விரைந்தனர். வான்தாக்குதலுக்கு அஞ்சி நாடெங்கும் விளக்குகள் மறைக்கப்பட்டிருந்ததால் சாலைகள் இருளில் மூழ்கிக் கிடந்தன. போரின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரித்தானியச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2279 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு மூவருக்கும் மேற்பட்ட உயிரிழப்பு இது. தலைக்காயமே அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் காரணமாக இருந்தது.

கேர்ன்ஸ் 1941 அக்டோபரில் பிரித்தானிய மருத்துவ இதழில் இச்செய்திகளைத் தொகுத்துக் கட்டுரையாக வெளியிட்டார். தலைக்கவசம் அணிந்திருந்தும் விபத்தில் காயமுற்றவர்களாக ஏழு பேரை மட்டுமே அவரால் காண முடிந்தது. அவ்வெழுவருள் ஒருவரும் இறக்கவில்லை. தலைக்கவசம் அதற்குமுன் இல்லாத பொருளன்று. 1914இலேயே பந்தய வீரர்களுக்காக அது செய்யப்பட்டிருந்தது. பந்தயத்தில் செல்வோருக்கு வேண்டிய காப்பு, சாலையில் செல்வோருக்கும் வேண்டும் என்பதை எண்களால் எடுத்துக்காட்டியதே கேர்ன்ஸின் பங்களிப்பு.

1941 நவம்பரில் பணியிலிருக்கும் படைவீரர்கள் அனைவரும் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் இறப்புகள் குறைந்ததை 1946இல் வெளியிட்ட கட்டுரையில் மாதவாரியாகக் கேர்ன்ஸ் விளக்கினார். இறப்பு குறைவதற்குப் பிற காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் எண்ணிக்கை மட்டும் போதாது; காயத்தின் தன்மையையும் கவசம் சேதமுற்ற விதத்தையும் இணைத்து நோக்க வேண்டும். அவ்வகை ஆய்வொன்றினைக் கேர்ன்ஸ் 1943இல் வெளியிட்டார். அதில் அவருடன் இணைந்தவர் மருத்துவர் அல்லர். ஹோல்பர்ன் என்னும் இயற்பியலாளர்.

மூளை ஏன் அதிர்கிறது?

மண்டையோடு உடைந்தால்தான் மூளை பாதிக்கப்படும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், எலும்பில் கீறல்கூட விழாத நிலையிலும் மூளையின் இயக்கம் தடுமாறுவதுண்டு. இதனையே மூளையதிர்வு என்கிறோம். தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பம், மறதி, ஒளியைக் கண்டால் கூச்சம் ஆகியன இதன் அறிகுறிகள். நினைவிழப்பு ஏற்பட்டே தீரும் என்பதில்லை. செயின்ட் ஹியூஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிட்சி ரசல் என்னும் மருத்துவர், அடிபட்டபின் நிகழ்ந்தவற்றை நோயாளி எவ்வளவு நேரத்திற்கு மறந்துவிடுகிறார் என்பதைக்கொண்டே பாதிப்பின் கடுமையை அளந்தார்.

ரசலும் டெனி பிரவுன் என்பவரும் 1941இல் விலங்குகளில் செய்த ஆய்வு ஒன்று முதன்மையானது. அசையாமல் பிணிக்கப்பட்ட தலையில் அடி விழும்போது மூளையதிர்வு ஏற்படுவது அரிதாக இருந்தது. அசையும் நிலையிலுள்ள தலையில் அதுபோன்ற அடி விழுந்தபோது அது எளிதில் ஏற்பட்டது. ஆகவே, அடியைவிட, அடியால் தலைக்கு உண்டாகும் திடீர் அசைவே மூளையதிர்வுக்குப் பெரிதும் காரணம் என்பது புலனாயிற்று.

எத்தகைய அசைவு என்பதை ஹோல்பர்ன் ஆராய்ந்தார். அவர் மூளையின் வடிவில் ஜெலட்டினால் மாதிரி செய்து, அதனைத் திடீரெனச் சுழற்றி, உள்ளே எழும் திரிபுகளை ஒளியின் துணையால் கண்டார். 1943இல் அவர் வெளியிட்ட கருத்தைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் கொண்டே புரிந்துகொள்ளலாம். மூளையை அழுத்திப் பருமனைக் குறைப்பது மிகக் கடினம். அதன் பருமக் குணகம் அதிகம். ஆனால், அதன் வடிவத்தை மாற்றுவது மிக எளிது. விறைப்புக் குணகம் குறைவு. எனவே, தலை நேர்கோட்டில் தள்ளப்படுவதைவிட, திடீரெனச் சுழலும்போதே மூளையின் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கி, நரம்பிழைகள் இழுபடுகின்றன.

நீர் நிறைந்த செம்பொன்றைச் சட்டென்று திருப்பினால் செம்பு சுழலும். உள்ளிருக்கும் நீர் நிலைமத்தால் பின்தங்கும். தலை சுழலும்போது மண்டையோட்டிற்கும் மூளைக்கும் இடையே நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. சாலையில் விழுபவரின் தலை, பெரும்பாலும் செங்குத்தாக அன்றிச் சாய்வாகவே தரையில் மோதுகிறது. அதனால் தலை நிறுத்தப்படுவதோடு சுழற்றவும் படுகிறது.

கேர்ன்ஸின் இறுதிக்காலம்

போர்ப்பணிகளுக்காகக் கேர்ன்ஸுக்கு 1946இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. அவரிடம் பயின்ற இளம் மருத்துவர்கள் பல நாடுகளிலும் மூளை அறுவைத்துறையை வளர்த்தனர். புற்றுநோய்க்கு ஆளான அவர், 1952ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், தாம் பணிபுரிந்த ஆக்ஸ்போர்டிலேயே 56ஆம் வயதில் காலமானார்.

பொதுமக்களுக்கும் தலைக்கவசம் கட்டாயமாக வேண்டும் என்பதற்கான சான்றுகளை அவர் வழங்கியிருந்தார். ஆனால், பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் செல்வோர் அனைவருக்குமான சட்டம் நடைமுறைக்கு வந்தது 1973இல்தான். முதற்கட்டுரை வெளிவந்து 32 ஆண்டுகளும், அவர் மறைந்து 21 ஆண்டுகளும் அதற்குள் கழிந்துவிட்டன. அவர் பிறந்த ஆஸ்திரேலியாவோ இதில் முந்திக்கொண்டது. அங்கு விக்டோரியா மாநிலம் 1961இல் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கும், 1990இல் மிதிவண்டியில் செல்வோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

நொறுங்கிக் காக்கும் கவசம்

கேர்ன்ஸ் விட்ட இடத்திலிருந்து பொறியாளர்கள் தொடர்ந்தனர். 1953இல் அமெரிக்காவில் லொம்பார்டு என்பவர், மோதலின் ஆற்றலை உட்கொள்ளும் உட்படலம் கொண்ட தலைக்கவசத்திற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டிப் பந்தய வீரர்களோ நெடுங்காலம் தோல்பட்டைகளை வலைபோலப் பின்னிய தொப்பியையே அணிந்து வந்தனர். தெர்மாகோல் என்று நாம் அழைக்கும் பாலிஸ்டைரீன் நுரையை உட்புறத்தில் கொண்ட மிதிவண்டித் தலைக்கவசத்தை 1975இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்நுரையின் பணியை எளிய கணக்கால் அறியலாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுவதாகக் கொள்வோம். அது 2 மில்லிமீட்டர் தொலைவிற்குள் நிறுத்தப்பட்டால், அதன் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 750 மடங்காகும். தலைக்கவசத்தின் நுரை 2 சென்டிமீட்டர் நசுங்கி, அத்தொலைவிற்குள் தலையை நிறுத்தினால், அது 75 மடங்காகக் குறைந்துவிடும். நிறுத்தும் தொலைவு பத்து மடங்கு கூடும்போது, தலை தாங்கும் விசை பத்தில் ஒரு பங்காகிறது. கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னோக்கி இழுப்பதும் இதே காரணத்தால்தான்.

எனவே, நல்ல தலைக்கவசம் என்பது உடையாத கவசம் அன்று. தலைக்காகத் தான் நொறுங்கும் கவசம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்னும் பழமொழி இங்கு அறிவியல் உண்மையாகவே ஆகிவிடுகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்கு மீளாது. ஆகவே, பெரும் மோதலுக்கு உள்ளான கவசம், வெளியே பழுதின்றித் தோன்றினாலும், மீண்டும் பயன்படுத்தத் தக்கதன்று.

சுழற்சியைக் குறைக்கும் வடிவமைப்பு

தலைக்கவசங்களின் தரத்தை அறிய, உலோகத் தலைவடிவத்தில் அவற்றைப் பொருத்தி, உயரத்திலிருந்து விழச்செய்து சோதிப்பர். மிதிவண்டித் தலைக்கவசங்களுக்கான ஐரோப்பியத் தரவிதிப்படி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 250 மடங்கையும், அமெரிக்க விதிப்படி 300 மடங்கையும் தாண்டக்கூடாது. மண்டையோடு உடைவதையும் உயிரிழப்பையும் தடுப்பதே இவ்வரம்புகளின் முதன்மை நோக்கம். மூளையதிர்வோ இதனினும் மிகக் குறைந்த மோதலிலேயே நேரக்கூடும். மேலும், நேராக விழச்செய்யும் சோதனை சுழற்சியை அளப்பதில்லை.

இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, நுரையின் கடினத்தன்மையை அடுக்கடுக்காக மாற்றுவது. மிகக் கெட்டியான நுரை, பெரும் மோதலில் மட்டுமே நசுங்கும். சிறு மோதலில் அசையாமல் நின்று, அதிர்வு முழுவதையும் தலைக்குக் கடத்திவிடும். மென்மையான அடுக்கும் கெட்டியான அடுக்கும் இணைந்தால், சிறு மோதலுக்கும் பெரு மோதலுக்கும் ஏற்பக் கவசம் செயல்படும்.

மற்றொரு வழி, ஹோல்பர்ன் சுட்டிக்காட்டிய சுழற்சியையே குறைப்பது. 1990களில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், மூளை அறுவை மருத்துவர் ஒருவரும் பொறியியல் ஆய்வாளர் ஒருவரும் இம்முயற்சியில் ஈடுபட்டனர். கவசத்தின் நுரைக்கும் தலைக்கும் இடையே, உராய்வு குறைந்த மெல்லிய படலம் ஒன்றை அமைத்தனர். சாய்வாக மோதும்போது, வெளிக்கவசம் தலையின்மீது ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் அளவிற்கு வழுக்கிச் செல்லும். அதனால் சுழற்சியின் ஒரு பகுதி தலைக்குச் செல்லாமல் கவசத்தோடு நின்றுவிடுகிறது. கவசத்தின் வெளிப்புறம் வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருப்பதும் இதற்குத் துணைசெய்யும். கூரிய முனைகளும் புடைப்புகளும் தரையில் சிக்கித் தலையைத் திருப்பிவிடும்.

எவ்வளவு சிறந்த வடிவமைப்பாயினும், அணியும் முறை தவறினால் பயன் இல்லை. கவசம் புருவத்திற்குச் சற்று மேலே, நெற்றியை மறைத்து அமர வேண்டும். தாடைப்பட்டை தளர்ந்திருந்தால் முதல் மோதலிலேயே கவசம் கழன்றுவிடும். மேலும், மூளையதிர்வை முற்றிலும் தடுக்கும் தலைக்கவசம் எதுவும் இதுவரை உருவாக்கப்படவில்லை. அதன் வாய்ப்பையும் கடுமையையும் குறைப்பதே இயன்றது. ஆகவே, கவசம் அணிந்திருந்தாலும், அடிபட்டபின் தலைவலியோ குழப்பமோ தோன்றினால் மருத்துவரை நாடுவதும், குணமாகும்வரை விளையாட்டையும் வண்டி ஓட்டுவதையும் தவிர்ப்பதும் கடமையாகும்.

கேர்ன்ஸ் தம் கைகளால் செய்த அறுவைகளால் உயிர்பெற்றோர் பலர். அவர் எண்ணி, அளந்து, எழுதிவைத்த உண்மைகளால் உயிர்பெற்றவர்களோ அவரை ஒருபோதும் கண்டதில்லை. தாம் காக்கப்பட்டோம் என்பதைக்கூட அவர்களுள் பலர் அறியார். நிகழாமல் தடுக்கப்பட்ட துன்பத்திற்கு நன்றி கூறுவார் இல்லை. அந்நன்றியை எதிர்பாராமல் உழைத்ததே அம்மருத்துவரின் பெருமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் வருவோரில் எத்தனை பேர் தலைக்கவசம் அணிகின்றனர் என்பதை ஒரு வாரம் கணக்கிட்டு, அட்டவணையாகத் தொகுக்க.

2. ஒரே அளவுள்ள இரு முட்டைகளுள் ஒன்றைத் தெர்மாகோலாலும் மற்றொன்றைக் கெட்டியான அட்டையாலும் சுற்றி, ஒரே உயரத்திலிருந்து விழச்செய்க. கண்டதற்கான காரணத்தை வகுப்பறையில் விளக்குக.

3. மருத்துவரும் இயற்பியலாளரும் இணைந்து பணியாற்றியதால் விளைந்த பயனை இப்பாடத்தின் வழியாக ஒரு பக்க அளவில் எழுதுக.